ஒரு சாண் டீத்தண்ணி

“இதைப் போட்டா இருவது ஹெச்பி கூடுமாமுங்கண்ணா” என்று போனை என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார் தம்பி. திரையில் பளபளவென்று வளைந்த ஓர் அலுமினியக் குழாய். அதன் நுனியில் கூம்பு மாதிரி, சிவப்புத் துணி மடிப்புகளோடு ஒரு பில்டர். விலை 22,000 ரூபாய். கம்பெனி வைத்துக் கொடுக்கிற ஏர் கிளீனரும் குழாயும் இன்ஜினின் மூச்சைப் பிடித்து நெரிக்கின்றனவாம். இதை மாட்டினால் வண்டி தாராளமாக மூச்சு விடுமாம். விற்கிறவர் சொல்லியிருக்கிறார்.

தம்பியிடம் இருப்பது பழைய டாடா 2515. பத்துச் சக்கரம். (எந்தக் கம்பெனி வண்டியானாலும் பத்துச் சக்கரம் என்றால் நம் பக்கத்தில் அது ‘டாரஸ்’தான். அசோக் லேலண்ட் தன் மாடலுக்கு வைத்த பேர், ஊருக்கே பொதுவாகிவிட்டது.) சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கிறார். தொப்பூர் ஏற்றத்தில் புல்லிங் போதவில்லை என்பது ஆறு மாதமாக அவருடைய புலம்பல்.

“கேக்கறதுக்கு நாயமாத்தானுங்களே இருக்குது? பைப்பு பெருசா இருந்தா காத்து ஜாஸ்தி போகும். காத்து ஜாஸ்தி போனா பவரு ஜாஸ்தி. இதுல என்னுங்கண்ணா தப்பு?”

சங்ககிரியில் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற டீக்கடை அது. முப்பது வருஷம் இன்ஜின் இறக்கி ஏற்றிய கை எனக்கு. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வாய் மட்டும் வேலை செய்கிறது. மாஸ்டரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது.

தம்பி சொன்னதில் பாதி சரி. இன்ஜின் குடிக்கிற காற்றின் அளவைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். 2515-ல் இருக்கிற கம்மின்ஸ் இன்ஜின் 5,883 சிசி. ஆறு சிலிண்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட 5.9 லிட்டர். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை முழு மூச்சு. நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினால் சுமார் 7,350 லிட்டர். டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறதால், வெளிக்காற்றுக் கணக்கில் அது 10,000 லிட்டர் பக்கம் வந்துவிடும். 200 லிட்டர் பேரலாக எண்ணினால் நிமிடத்துக்கு ஐம்பது பேரல். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அந்த அறையில் இருக்கிற காற்று மொத்தமும் மூன்று நிமிடத்தில் காலி.

“அத்தனை காத்தும் அந்த ஒரு பைப்புலதான போகுதுங்க?”

அந்த ஒரு பைப்பில்தான். கேபினுக்குப் பின்னால் யானைத் துதிக்கை மாதிரி மேலே நிற்கிற குழாயில் நுழைந்து, ஏர் கிளீனர் டப்பாவுக்குள் சுற்றி, காகித எலிமென்ட்டின் மடிப்புகளைக் கடந்து, ரப்பர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு. டர்போ அமுக்கிச் சூடான காற்று இன்டர்கூலரில் ஆறி, மேனிஃபோல்டுக்குப் போய், வால்வைத் தாண்டிச் சிலிண்டருக்குள். இந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு மடிப்பும் காற்றைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது. தடுக்கிறதா என்று கேட்டால் ஆமாம். எவ்வளவு தடுக்கிறது, அந்தத் தடையால் இழுவை குறைகிறதா என்பது வேறு கேள்வி. விற்கிறவர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள்.

டீசல் இன்ஜினுக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கும் இருக்கிற அடிப்படை வித்தியாசம் இங்கேதான் வேலை செய்கிறது. பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டர் என்பது காற்றுக்கு வைத்த கதவு. காற்று எவ்வளவு நுழைகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோல் சேர்க்கப்படுகிறது. டீசலில் அந்தக் கதவே கிடையாது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது கூடுவது டீசல். காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே இருக்கிறது. ஒரு கிலோ டீசல் எரிய கணக்குப்படி பதினாலரை கிலோ காற்று போதும். ஆனால் சிலிண்டருக்குள் டீசல் தூறலும் காற்றும் மூலை முடுக்கெல்லாம் சீராகக் கலப்பதில்லை. அதனால் புகை இல்லாமல் எரிய இருபது, இருபத்தைந்து கிலோ காற்று இருக்கும்படி கம்பெனியிலேயே பம்ப் செட்டிங் வைத்து அனுப்புகிறார்கள்.

மண் அடுப்பில் மூன்று சுள்ளி எரிகிறது. ஊதாங்குழலைப் பெரிதாக்கி ஊதினால் என்ன ஆகும்? புகை அடங்கும், தணல் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ஆனால் மூன்று சுள்ளியின் சூடுதான் கிடைக்கும். நாலாவது சுள்ளி வைக்காமல் அண்டாவைக் கொதிக்க வைக்க முடியாது. டீசல் இன்ஜினில் சுள்ளி வைக்கிறது பம்ப்.

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. “அமெரிக்காவுல இதே மாதிரி மாட்டிப் பிக்கப்பு வண்டியில பறக்கறானுங்களே, வீடியோல பாத்தனுங்க” என்றார்.

அந்த உதாரணத்தை அவரே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பிக்கப்புகளில் பேர்போனது டாட்ஜ் ராம். 1989-லிருந்து அதற்குள் இருந்தது இதே கம்மின்ஸ் 5.9 லிட்டர் குடும்பம். ஜாம்ஷெட்பூரில் டாடாவும் கம்மின்ஸும் 1993-ல் கூட்டுச் சேர்ந்து அந்தக் குடும்பத்து இன்ஜினைத்தான் நம் லாரிகளுக்குக் கொண்டுவந்தார்கள். சிலிண்டர் விட்டம் 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 120, இரண்டிலும் ஒன்றே. நம் வண்டியில் அது சுமார் 150 ஹெச்பி. 2515 என்ற பேரில் கடைசி ‘15’ சொல்வது அதைத்தான். 1996-ல் டாட்ஜ் ராமில் கையால் கியர் போடுகிற வண்டிக்கு 215 ஹெச்பி கொடுத்தார்கள். அதே வருஷம், அதே வண்டி, ஆட்டோமேட்டிக் கியர் என்றால் 180 மட்டும். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி அதற்கு மேல் தாங்காது என்று குறைத்து வைத்தார்கள். 35 ஹெச்பி வித்தியாசத்துக்கு ஏர் கிளீனரை யாரும் தொடவில்லை. டீசல் பக்கத்தில் செட்டிங்கை மாற்றினார்கள், அவ்வளவுதான். வீடியோவில் பறக்கிற வண்டிகளில் பம்பைத் திருகியிருப்பார்கள், நாசில் மாற்றியிருப்பார்கள், பெரிய டர்போ வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிறது என்னவோ பானட்டைத் திறந்ததும் மின்னுகிற அந்தக் குழாய்தான்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் தம்பிக்குப் பத்தாது என்று அவர் முகமே சொன்னது. அளந்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அளக்க மெஷின் எதுவும் வேண்டாம். கொத்தனார் தளமட்டம் பார்க்கிற லெவல் டியூப் போதும். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டியூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு நீளப் பலகையில் அதை ‘ப’ எழுத்தைப் போல் வளைத்துக் கட்ட வேண்டும். பாதி உயரம் வரை தண்ணீர். வெறும் தண்ணீர் ஓடுகிற வண்டியில் கண்ணுக்குத் தெரியாது, கலர் வேண்டும். டீ மாஸ்டரிடம் அரை கிளாஸ் டிகாக்ஷன் கேட்டேன். பாலில்லாமலா என்று ஒரு மாதிரி பார்த்தார். டியூபின் ஒரு முனை திறந்த காற்றில் இருக்கும். மறுமுனையை ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவே, அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் திருகியிருக்கிற ஓட்டையில் ஒரு நிப்பிள் வைத்து மாட்ட வேண்டும். இன்ஜின் இழுக்கும்போது அந்தப் பக்கத்தில் தண்ணீர் ஏறும், இந்தப் பக்கத்தில் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் மூச்சுத் தடை. ஏர் கிளீனர் டப்பா, காகிதம், குழாய் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தடுக்கின்றன என்பது அந்த உயரத்தில் வந்து நிற்கும்.

பட்டறையில் நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தோம். தண்ணீர் நாலு விரல்கூட ஆடவில்லை. “பாத்தீங்களாண்ணா, ஒண்ணுமே இல்லை” என்றார் தம்பி, தன் கட்சியை மறந்து. அதுவும் தப்பு. டர்போ இன்ஜின் லோடு இல்லாமல் ரேஸ் கொடுத்தால் சோம்பேறியாகத்தான் சுற்றும், காற்றும் கம்மியாகத்தான் இழுக்கும். குழாயில் காற்று இரட்டிப்பானால் தடை நாலு மடங்காகும். ஆகவே முழு லோடில், முழு மிதியில், இன்ஜின் அதன் உச்சச் சுற்றை ஒட்டி ஓடும்போது பார்த்தால்தான் கணக்கு.

மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர். கிளீனர் பையன் உட்கார்கிற இடத்தில் நான், மடியில் பலகை. டியூபின் மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே போய் ஏர் கிளீனரில் மாட்டியிருந்தது. தர்மபுரி பக்கம் ஏறுகிற அந்தச் சரிவில், கியரைக் குறைத்து, பெடலைத் தரையோடு வைத்து இழுத்தார். டீத்தண்ணி ஒரு பக்கம் மெல்ல ஏறி, நடுங்கி, நின்றது. சாணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மட்டத்துக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இரண்டு விரல்.

இந்த இன்ஜினுக்குக் கம்மின்ஸ் விதித்திருக்கிற எல்லை 635 மில்லிமீட்டர் தண்ணீர். சாணில் சொன்னால் மூன்று சாணுக்குச் சற்றுக் குறைவு. அழுக்கேறிய பில்டரோடு அதுவரை போகலாம், அதைத் தாண்டினால் எலிமென்ட்டை மாற்று என்று அர்த்தம். தம்பியின் பில்டர் எட்டு மாதப் பழசு, பார்க்கச் சாம்பல் பூத்திருந்தது. அப்படியும் எல்லையில் பாதியைத் தொடவில்லை.

அந்த ஒரு சாண் எவ்வளவு பெரிய தடை என்று புரிய ஒரு அளவு வேண்டும். நம்மைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தம் பத்து மீட்டர் தண்ணீர்க் கம்பத்துக்குச் சமம். ஒரு சாண் அதில் இரண்டு சதவீதம் சொச்சம். கம்பெனி சொல்கிற கடைசி எல்லையே ஆறு சதவீதம்தான். இப்போது தம்பியின் வழித்தடத்தைப் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதைவிடப் பத்து சதவீதம் குறைவு. ஆக, முற்றாக அழுக்கேறிய பில்டரைவிடப் பெங்களூர் ஊரே உங்கள் இன்ஜினுக்கு அதிகம் மூச்சுத் தடை. ஊட்டி என்றால் இரண்டு மடங்குக்கு மேல். அங்கெல்லாம் போய் வண்டி நின்றுவிடுகிறதா? டர்போ கொஞ்சம் கூடுதல் வேகத்தில் சுற்றி அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஒரு சாண் தண்ணீரையும் அப்படித்தான் விழுங்கிக்கொள்கிறது. அந்தச் சாணை முழுக்க எடுத்துவிட்டாலும், பம்ப் அப்படியே இருக்கும் வரை, ஒன்றிரண்டு ஹெச்பிக்கு மேல் எதிர்பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. புகை துளி குறையும், சைலன்சர் பக்கத்துச் சூடு துளி குறையும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பம்புகளில் ஒரு டயாபிரம் இருக்கிறது. டர்போவிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்கு வருகிறது. டர்போ அழுத்தம், அதாவது பூஸ்ட், வந்த பிறகுதான் அது முழு டீசலைத் திறந்துவிடும், இல்லாவிட்டால் கிளம்பும்போது கறும்புகை கக்கும். மூச்சுத் தடை குறைந்தால் பூஸ்ட் ஒரு நொடி முன்னால் வரலாம், கிளம்புகிறபோது கொஞ்சம் சுறுசுறுப்பு தெரியலாம். ஏற்றத்தில் முழு மிதியில் அந்த டயாபிரம் ஏற்கெனவே முட்டி நிற்கிறது. அங்கே கூட்ட ஒன்றும் இல்லை.

அந்தக் கூம்பு பில்டரைப் பற்றி இன்னொன்று. அது பெரும்பாலும் திறந்தபடி இன்ஜின் பக்கத்திலேயே உட்காரும். கம்பெனிக்காரன் துதிக்கையைக் கேபினுக்குப் பின்னால் மேலே தூக்கி வைத்தது அழகுக்கு அல்ல. அங்கே தூசி கம்மி, காற்றும் குளிர்ச்சி. காற்று பத்து டிகிரி சூடானால் மூன்று சதவீதம் இளகிப்போகும். வெளியே 35 டிகிரி, ஏற்றத்தில் இழுக்கிற இன்ஜின் பக்கத்தில் 65 டிகிரி என்றால் ஒன்பது சதவீதம் காற்று அங்கேயே போயிற்று. இரண்டு சதவீதத்தை மிச்சம் பிடிக்க ஒன்பது சதவீதத்தை விடுகிற வியாபாரம். இன்டர்கூலர் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும், முழுசாகத் தராது. ஆனால் மாட்டிய ஆளைக் கேட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது என்பார். பொய் சொல்லவில்லை பாவம். டப்பாவுக்குள் அடங்கியிருந்த டர்போ விசில் இப்போது நேராகக் காதில் விழுகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி இருக்கும். சைலன்சரைக் கழற்றிய புல்லட் ஓட்டுகிற பையன்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது.

தம்பி இன்னொரு படத்தைக் காட்டினார். டர்போவுக்குப் பிறகு மேனிஃபோல்டில் போய்ச் சேருகிற முழங்கைக் குழாய். வார்ப்படத்தில் செய்தது சொரசொரப்பாக இருக்கிறது, அதற்குப் பதில் வழவழப்பான பெரிய குழாய் என்று இதற்கும் ஒரு விலை. அமெரிக்காவில் இது தனிச் சந்தை. அங்கே குளிருக்காக மேனிஃபோல்டு வாயில் மின்சூடேற்றிக் கம்பிவலை வேறு இருக்கும், அதையும் தடை என்று சிலர் கழற்றிப் போடுவார்கள். டர்போவுக்கு இந்தப் பக்கத்தில் கணக்கு இன்னும் பலவீனம். டர்போ காற்றை இரண்டு மடங்கு நெருக்கமாக்கி அனுப்பினால், அதே எடைக் காற்று பாதி இடத்தில் அடங்கும். குழாயில் அதன் வேகமும் பாதி. உராய்ந்து இழக்கிற அழுத்தமும் பாதியாகிறது, மொத்த அழுத்தம் இரட்டிப்பாக இருப்பதால் சதவீதக் கணக்கில் அது காலாகிவிடுகிறது. தவிர அந்த முழங்கையைத் தாண்டியதும் காற்று நுழைய வேண்டியது வால்வு விளிம்பில் இருக்கிற குறுகல் சந்தில். ஒற்றையடிப் பாலத்துக்கு முன்னால் நாலு வழிச் சாலை போடுகிற கதைதான்.

அப்படியென்றால் கம்பெனி பொருத்தியதில் குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பம்பைத் திருகி, பெரிய டர்போ வைத்து, காற்றை ஒன்றரை மடங்கு ஆக்கினால் அந்த ஒரு சாண் இரண்டேகால் சாண் பக்கம் போகும். இதே பில்டரில் எல்லையை நெருங்கிவிடும், இன்னும் கொஞ்சம் தூசி சேர்ந்ததும் தாண்டிவிடும். அந்த வண்டிக்குப் பெரிய ஏர் கிளீனர் அவசியம்தான். அப்படிப்பட்ட வண்டி லோடு அடிக்கிறதில்லை, பந்தயத்துக்குப் போகிறது.

லோடு வண்டியில் மூச்சுத் தடை வந்து நான் பார்த்ததெல்லாம் வேறு காரணங்கள். ரப்பர் ஹோஸின் உள் தோல் உரிந்து, நிறுத்திப் பார்த்தால் நன்றாக இருக்கும், இழுக்கும்போது மட்டும் நாக்கு மாதிரி எழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். இது ஒரு பெரிய வேஷக்காரன், இரண்டு நாள் என்னைச் சுற்ற விட்டிருக்கிறது. துதிக்கைக்குள் குருவிக் கூடு. பில்டருக்குள் எலி. விலை குறைவு என்று வாங்கிய டூப்ளிகேட் எலிமென்ட்டில் மடிப்புகள் பாதிதான் இருக்கும், காகிதப் பரப்பு பாதி என்றால் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ரிக்கு வண்டி, கல்குவாரி டிப்பர் மாதிரித் தூசியிலேயே வாழ்கிற வண்டிகள் தனிக் கணக்கு, அங்கே இண்டிகேட்டர் காட்டுகிற சிவப்பை மதிக்க வேண்டும்.

ஆனால் கம்பெனி அந்த டப்பாவை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு சுற்றிச் செய்ததற்குக் காரணம் ஹெச்பி இல்லை, தூசி. 1915-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர், தான் விற்ற டிராக்டர் தூசி தின்று கெட்டுப்போனதைப் பார்த்துத்தான் ஏர் கிளீனர் செய்யும் வேலையில் இறங்கினார். இன்று லாரிகளில் பார்க்கிற டொனால்ட்சன் பில்டர் அந்தப் பேர்தான். அன்றைக்கு இருந்த பிரச்சினை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தலைமுடி ஓர் எழுபது மைக்ரான் தடிமன் என்று வையுங்கள். இன்ஜினைத் தின்கிற தூசி ஐந்து முதல் இருபது மைக்ரான். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலத்துக்குள் புகுந்து உப்புத்தாள் மாதிரித் தேய்க்கிற அளவு அது.

இங்கேதான் டீ மாஸ்டர் எனக்கு உதவிக்கு வந்தார். அவர் கையில் இருந்த துணி வடிகட்டியைத் தம்பியிடம் காட்டினேன். காலையில் துவைத்து மாட்டியபோது டீ சரசரவென்று இறங்கியது, அடியில் கொஞ்சம் தூளும் வந்தது. இப்போது தூள் படிந்து மெதுவாக இறங்குகிறது, ஆனால் கிளாஸில் ஒரு பொடி இல்லை. காகித எலிமென்ட்டும் அப்படித்தான். புதிதாக இருப்பதைவிடக் கொஞ்சம் தூசி படிந்த பிறகு அது இன்னும் நன்றாக வடிக்கும். வாராவாரம் கழற்றி, டயருக்குக் காற்றுப் பிடிக்கிற குழாயால் ஊதி, சக்கரத்தில் தட்டி மாட்டுகிற வழக்கம் நம் டிரைவர்களிடம் இருக்கிறது. அக்கறையில் செய்வதுதான். அந்த அழுத்தத்தில் மடிப்பு ஊசி முனை அளவு கிழிந்தால் போதும், தட்டியதில் விளிம்பு ரப்பர் கோணினால் போதும், அதற்குப் பிறகு அது பில்டர் இல்லை.

காற்று தாராளமாகப் போகிற பில்டரில் தூசியும் தாராளமாகப் போகும். நல்ல காகித எலிமென்ட் 99.9 சதவீதம் தூசியைப் பிடிக்கிறது, ஒரு தளர்ந்த துணி பில்டர் 97 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். ஆயிரம் கிராம் தூசியில் முதலாவது விடுவது ஒரு கிராம். இரண்டாவது விடுவது முப்பது கிராம். 22,000 ரூபாய் கொடுத்து முப்பது மடங்கு தூசி வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

தம்பியின் வண்டியில் ஹோஸைக் கழற்றி, பில்டருக்கு அப்புறம் இருக்கிற குழாயின் உட்புறத்தை என் வெள்ளைத் துண்டின் நுனியால் துடைத்தேன். துண்டு செம்மண் கலரில் வந்தது. தம்பி பேசவில்லை. பில்டர் வைத்த விளிம்பில் ரப்பர் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. யாரோ எப்போதோ தட்டி மாட்டியது. அவருடைய உண்மையான பிரச்சினைகளில் ஒன்று அங்கே இருந்தது. அது காற்று குறைந்த பிரச்சினை இல்லை, காற்று குறுக்கு வழியில் போன பிரச்சினை.

இன்னொன்று இன்டர்கூலர் ஹோஸில். ஏற்றத்தில் வரும்போது ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக முன்பே சொல்லியிருந்தார், டர்போ சத்தம் என்று விட்டிருந்தோம். சோப்பு நுரை தடவி, டர்போ வாயை அடைத்து லேசாகக் காற்று கொடுத்ததில் கிளிப் ஓரத்தில் நுரை பொங்கியது. அமுக்கிய காற்று வெளியே போகிறது, பூஸ்ட் குறைகிறது, டயாபிரம் முழு டீசலைத் திறப்பதில்லை, புல்லிங் இல்லை. கிளிப் ஒன்று, ஹோஸ் ஒன்று, எலிமென்ட் ஒரு செட். எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. புல்லிங் இல்லை என்று வருகிற டர்போ வண்டிகளில் நான் முதலில் தேடுவது அடைப்பை அல்ல, ஒழுக்கை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் டீசல் அளவைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். காற்றை அளக்கிற சென்சார் உள்ள வண்டியில் எண்ணெய் தடவிய துணி பில்டர் மாட்டினால், அந்த எண்ணெய் சென்சாரில் படிந்து கணக்கே தப்பாகப் போகலாம். வாரண்டி போவதும், வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் தனி.

வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பலகையில் இரண்டு கையும் ஒவ்வொரு மீட்டர் உயரம் வருகிற மாதிரி டியூப் கட்டுங்கள். இன்ஜினிலிருந்து கேபின் வரை இழுக்கத் தனியாக மூன்று மீட்டர் வாங்குங்கள். டியூப் குட்டையாக இருந்தால் ஏற்றத்தில் ஒரே உறிஞ்சில் டீத்தண்ணி முழுவதையும் டர்போ குடித்துவிடும். உள்ளே இருக்கிற சின்ன எலிமென்ட்டை, சேஃப்டி எலிமென்ட் என்பார்கள், எந்தக் காரணத்துக்கும் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். பெரியதை மூன்று தடவை மாற்றினால் அதை ஒரு தடவை புதிதாக மாற்றுங்கள்.